குதிரையின் வயிறு மாட்டின் வயிறு அன்று

உதகையிலிருந்து எமரால்டு நோக்கிச் செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் நடுவே அமைந்த ஊர் இத்தலார். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் இங்கேதான் வசித்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பருவமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள பாத்தி ஓரம் மட்டக்குதிரை ஒன்று தரையில் விழுந்து புரண்டு கொண்டிருந்தது. உதகையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை அது. சீசன் முடிந்ததும் மேய்ச்சலுக்காக இப்பக்கம் ஓட்டி வந்திருந்தார்கள். அறுவடை முடிந்த பாத்தியில் ஒதுக்கிப் போடப்பட்டிருந்த முட்டைக்கோஸ் இலைகளையும் அழுகிய கேரட்டையும் அது முதல் நாள் வயிறு முட்டத் தின்றிருக்கிறது.

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் மாடும் எருமையும் வளர்த்துப் பழகியவர்கள். எல்லாரிடமும் ஒரு மருந்து இருந்தது. ஒருவர் பெருங்காயம் என்றார். ஒருவர் பூண்டும் ஓமமும் என்றார். மற்றொருவர் வீட்டுக்கு ஓடி எண்ணெய் கொண்டு வந்தார். குதிரைக்காரர் அவை அனைத்தையும் கலந்து ஒரு பாட்டிலில் ஊற்றினார். இருவர் குதிரையின் தலையைத் தூக்கிப் பிடிக்க, பாட்டிலைக் கடைவாயில் செருகிப் புகட்டினார். கால்நடை மருத்துவரை அழைக்கலாமே என்றேன். “போன வருஷமும் இதைத்தான் கொடுத்தேன் சார், ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிட்டது” என்றார் அவர்.

மாலையில் மருத்துவர் வந்தார். ஊசி போட்டு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்திச் சிகிச்சை அளித்தார். இரவுக்குள் வயிற்றுவலி அடங்கியது. ஆனால், எண்ணெய் புகட்டியபோது தொடங்கிய இருமல் அடங்கவில்லை. மூச்சு வாங்கியது, காய்ச்சல் ஏறியது. ஐந்தாம் நாள் குதிரை இறந்தது. எண்ணெயில் ஒரு பகுதி நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார் மருத்துவர். வயிற்றுவலியிலிருந்து தப்பிய குதிரையை, வயிற்றுவலிக்குக் கொடுத்த மருந்து கொன்றுவிட்டது.

அந்தக் குதிரைக்காரர் அலட்சியமானவர் அல்லர். குதிரைதான் அவர் குடும்பத்தின் ஒரே வருவாய். சுற்றி நின்றவர்களும் அறியாமையால் பேசியவர்கள் அல்லர். மாட்டைப் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் சரி. பிழை ஒன்றே ஒன்றுதான்: குதிரையின் வயிற்றை மாட்டின் வயிறாக எண்ணிக் கொண்டார்கள். இந்தப் பிழை ஏன் நேர்கிறது, குதிரையின் குடலில் அது என்ன செய்கிறது, இதைத் தவிர்க்க என்ன வழி என்பதைப் பொருளாதார ஆசிரியன் ஒருவனின் பார்வையில் சொல்ல முயல்கிறேன்.

இரண்டு வயிறுகள்

மாடும் குதிரையும் புல்லைத்தான் தின்கின்றன. புல்லின் நார்ச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் இரண்டின் உடலுக்குமே கிடையாது. அந்த வேலையைக் குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகள் செய்து தருகின்றன. அந்த நுண்ணுயிரிகள் குடியிருக்கும் இடம் எது என்பதில்தான் வேறுபாடு.

மாட்டுக்கு அந்த நொதித்தல் தொட்டி உணவுப் பாதையின் முன்பகுதியில் இருக்கிறது. நான்கு அறைகள் கொண்ட வயிற்றின் முதல் அறை 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். மாடு விழுங்கும் எதுவும் முதலில் அங்கே விழுகிறது; நீரில் கரைகிறது; நுண்ணுயிரிகளால் சிதைக்கப்படுகிறது. நொதிக்கும்போது உண்டாகும் வாயுவை மாடு ஏப்பமாக வெளியேற்றி விடுகிறது. பசுந்தீவனத்தை மிகுதியாகத் தின்ற மாட்டின் வயிற்றில் நுரை கட்டி, ஏப்பம் தடைப்பட்டு, வயிறு உப்பும். அப்போது எண்ணெய் புகட்டினால் நுரை உடைந்து வாயு வெளியேறும். எண்ணெய் வைத்தியம் மாட்டைப் பொருத்தவரை அறிவியலுக்கு உகந்ததே. நம் முன்னோர் அதை அனுபவத்தால் கண்டறிந்தார்கள்.

குதிரைக்கு அந்தத் தொட்டி பின்பகுதியில், சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலில் இருக்கிறது. அத்தனை பெரிய விலங்குக்கு இரைப்பை மிகச் சிறியது. முழு வளர்ச்சி அடைந்த குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மட்டக்குதிரைக்கு இன்னும் குறைவு. அந்த இரைப்பையில் அமிலம் நாள் முழுவதும் இடைவிடாமல் சுரக்கிறது. உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ, குதிரை மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. நாளெல்லாம் சிறிது சிறிதாக மேய்ந்து கொண்டே இருப்பதற்காக அமைந்த உடல் அது.

இரைப்பையின் மேல் வாயில் உள்ள தசை வளையம் மிக இறுக்கமானது. எனவே குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. மாட்டைப் போல ஏப்பம் விட்டு வாயுவை வெளியேற்றவும் இயலாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழியும் எளிதன்று. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலைக் கடந்து, பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பைக்குள் நுழைந்து, பின்னர் மடிந்து மடிந்து செல்லும் பெருங்குடலில் பயணம் செய்ய வேண்டும். அகன்று செல்லும் அக்குடல் ஒரு திருப்பத்தில் திடீரெனக் குறுகுகிறது. அடைப்பு ஏற்படுவது பெரும்பாலும் அங்கேதான். பெருங்குடலின் பெரும்பகுதி வயிற்றுச் சுவருடன் பிணைக்கப்படாமல் தொங்குவதால், வாயு நிறைந்தால் இடம் பெயரவும் முறுக்கிக் கொள்ளவும் கூடும்.

ஆகவே குதிரையின் வயிற்றுவலி என்பது ஒரு நோயின் பெயர் அன்று; பல நிலைமைகளின் பொதுவான வெளித்தோற்றம். வாயு சேர்ந்தாலும், சாணம் இறுகி அடைத்தாலும், மண்ணை விழுங்கியிருந்தாலும், புழுக்கள் குடலுக்குக் குருதி செலுத்தும் நாளத்தைச் சிதைத்தாலும், குடல் முறுக்கிக் கொண்டாலும் குதிரை ஒரே மாதிரிதான் காட்டும்: காலால் தரையைப் பறிக்கும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும், வியர்க்கும். இவற்றுள் சில தாமே தீர்ந்துவிடும். சில, சில மணி நேரத்தில் கொன்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மருந்துக்குக் கிடைக்கும் பெயர்

இங்கேதான் “போன வருஷம் எழுந்து நின்றுவிட்டது” என்ற சான்றின் பலவீனம் இருக்கிறது. குதிரைகளின் வயிற்றுவலிகளில் பெரும்பாலானவை எளிய சிகிச்சையிலோ, சிகிச்சையே இல்லாமலோ தீர்ந்துவிடக் கூடியவை. எனவே என்ன கொடுத்தாலும் பெரும்பாலான குதிரைகள் எழுந்து நிற்கும். பெருங்காயம் கொடுத்தவர் பெருங்காயத்தைப் போற்றுவார். மந்திரித்துக் கயிறு கட்டியவர் கயிற்றைப் போற்றுவார். பிழைத்த குதிரையால் மருந்துக்குப் பெயர் வருகிறது. இறந்த குதிரைக்கு விதி காரணமாகிறது. வெற்றிகளை மட்டும் வரவு வைத்துத் தோல்விகளை எழுதாமல் விடும் கணக்குப் புத்தகத்தில் எந்த வியாபாரமும் இலாபமாகத்தான் தெரியும்.

அந்தப் புத்தகத்தில் எழுதப்படாத மிகப் பெரிய செலவு, நேரம். குடல் முறுக்கிக் கொண்டால் அந்தப் பகுதிக்குக் குருதி செல்வது நின்றுவிடும். ஒவ்வொரு மணி நேரமும் குடல் செத்துக் கொண்டே வரும். முதலில் பூண்டு, அது கேட்காவிட்டால் எண்ணெய், அதுவும் கேட்காவிட்டால் சாராயம், எல்லாம் முடிந்தபின் மருத்துவர் என்ற வரிசையில், மருத்துவர் வந்து சேரும்போது அவர் செய்வதற்கு ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை. தீங்கற்ற மருந்தும் இவ்வகையில் தீங்கு செய்கிறது.

தீங்குள்ள மருந்துகளும் உண்டு. முதலாவது, புகட்டும் முறை. தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றும்போது, வலியில் துடிக்கும் குதிரை மூச்சை இழுத்தால் திரவம் நுரையீரலுக்குப் போகும். மருத்துவர்களும் எண்ணெய் கொடுக்கிறார்கள். லிக்விட் பாராஃபினை லிட்டர் கணக்கில் கொடுக்கிறார்கள். ஆனால், அதை மூக்கின் வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயில், குழாய் சரியான இடத்தை அடைந்ததை உறுதி செய்து கொண்டபின் செலுத்துகிறார்கள். இரைப்பை ஏற்கெனவே நிரம்பி வழியும் நிலையில் இருந்தால், உள்ளே ஊற்றாமல் அதே குழாய் வழியாக வெளியே எடுக்கிறார்கள். வாந்தி எடுக்க முடியாத விலங்கின் நிரம்பிய இரைப்பையில் மேலும் ஊற்றினால் அது கிழிந்துவிடக் கூடும் என்பதே காரணம்.

இரண்டாவது, பொருளின் தன்மை. நீலகிரிப் பூண்டு பெயர் பெற்றது, எங்கள் பாத்திகளிலும் விளைகிறது, மனிதருக்கு நல்லது. ஆனால், குதிரை நாள்தோறும் மிகுதியாகப் பூண்டு தின்றால் அதன் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை உண்டாகிறது என்பதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஒரு நாள் கொடுக்கும் சில பற்கள் கொல்லப் போவதில்லை. ‘செரிமானத்துக்கு நல்லது’ என்று மாதக்கணக்கில் பிடி பிடியாகக் கலப்பதுதான் ஆபத்து. விளக்கெண்ணெய் குதிரையின் பெருங்குடலைக் கடுமையாக அழற்சியூட்டும். ஆமணக்கு விதையோ கொடிய நஞ்சு. வெல்லமும் சாராயமும் கலந்து கொடுப்பது குதிரைக்குத் தெம்பு தரும் என்பர். அந்தச் சர்க்கரை மிகுதியாகப் பெருங்குடலை எட்டினால் அங்கே அமிலம் பெருகும்; நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும்; அவற்றிலிருந்து வெளிப்படும் நஞ்சு குருதியில் கலக்கும். அதன் விளைவு சில நாள்களில் குளம்பில் தெரியும்: குளம்பு அழற்சி கண்டு குதிரை நிற்கவே தவிக்கும். வயிற்றில் செய்த தவறுக்குக் கால் தண்டனை பெறுகிறது.

இயற்கைப் பொருள் என்பதால் விளைவு ஒன்றும் இராது என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடைபெற்றபோது, 4 குதிரைகளிடம் மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் கண்டறியப்பட்டு, அவற்றின் வீரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நார்வே அணி தன் வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. நாம் சமையலில் தூவும் ஒரு பொருள், குதிரையின் உடலில் மருந்தாகக் கணக்கிடப்படுகிறது.

கிழக்கும் மேற்கும்

இதைப் படிக்கும் சிலர், நம் மரபு மருத்துவத்தைக் குறைத்துப் பேசுவதாக எண்ணக் கூடும். அப்படி அன்று. குதிரை மருத்துவத்தில் இந்தியாவுக்கு நீண்ட நூல் மரபு உண்டு. சாலிகோத்திரர், நகுலன் ஆகியோரின் பெயரால் வழங்கும் நூல்கள் பல. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் ஓவியங்களுடன் கூடிய அசுவ சாஸ்திரத்தைப் பதிப்பித்திருக்கிறது.

மேற்கத்திய மருத்துவமும் இதே பாதையில்தான் நடந்து வந்தது. 1791-இல் லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் பின்னரும் நூறு ஆண்டுகளுக்கு மேல், அந்நாட்டில் குதிரைகளுக்குக் கொடுக்கப்பட்ட முதன்மையான பேதி மருந்து, கற்றாழைச் சாற்றை இறுக்கிச் செய்த கரியபோள உருண்டைதான். நம் பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருளும் குதிரைகளுக்குப் பேதி மருந்தாகப் பயன்பட்டது. கரியபோளம் சில குதிரைகளில் கட்டுக்கடங்காத பேதியை உண்டாக்கியது. அரிகோலினால் வலுவாகச் சுருங்கும் குடல், அடைப்பு இருந்தால் கிழிந்துபோகும் ஆபத்து இருந்தது. இரண்டும் கைவிடப்பட்டன. மூலிகை என்பதற்காக அவை விலக்கப்படவில்லை. கணக்குப் புத்தகத்தில் தோல்விகளையும் எழுதத் தொடங்கியதால் விலக்கப்பட்டன.

அதே கணக்கில் தேறி நின்ற மூலிகைகளும் உண்டு. மண்ணை விழுங்கிய குதிரைகளுக்கு இசப்கோல் உமியையும் பேதி உப்பையும் குழாய் வழியாக மருத்துவர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். மாடுகளின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு கலந்த பூச்சைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசியப் பால்வள வாரியமும் பரப்பி வருகின்றன. இங்கே மரபு அறிவு களத்தில் சோதிக்கப்பட்டு, அளவும் முறையும் வரையறுக்கப்பட்டு, மக்களிடம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால், அது மாட்டுக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. ஹோமியோபதி போன்ற முறைகளைப் பொருத்தவரை, பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவர் கல்லூரி 2017-இல் தெளிவாகச் சொன்னது: சான்றுள்ள சிகிச்சைக்கு மாற்றாக அவற்றைக் கொடுத்து, சிகிச்சையைத் தாமதப்படுத்துவது விலங்கின் நலனுக்கு எதிரானது.

பாண்டியர் வாங்கிய குதிரைகள்

குதிரையைப் பிற உயிர்களின் அளவுகோலால் அளந்து இழப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்கே அரபு, பாரசீக நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டதையும், அவற்றுள் மிகப் பல விரைவில் இறந்ததையும் குறித்து வைத்தார். குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்ததாக அவர் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் என்று கணக்குக் கொடுக்கிறார். வறுத்த தானியத்தில் நெய் கலந்து ஊட்டி, காய்ச்சிய பால் புகட்டி, ஓடவிடாமல் கட்டி வைத்ததால் அவை கெட்டழிந்தன என்கிறார். வளர்ந்த குதிரையால் பாலின் சர்க்கரையைச் செரிக்க இயலாது என்பதை இன்றைய அறிவியல் அறியும். அன்புடன்தான் கொடுத்தார்கள், தமக்கு உயர்ந்தது எதுவோ அதைக் கொடுத்தார்கள்.

பொருளாதாரம் படித்தவனுக்கு இதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. குதிரை வணிகர்கள் குதிரை மருத்துவர்களை இந்நாட்டுக்கு வரவிடாமல் பார்த்துக் கொண்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்க முடியும்? வழியில் இறந்த குதிரைகளுக்கும் அரசே விலை கொடுத்தது என்கிறார் வாசாஃப். பயணிகளின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால், அறிவு ஒரு பக்கம் மட்டும் இருந்து, இழப்பு மறுபக்கம் மட்டும் விழும் சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இன்றைய கணக்கு

இன்று நீலகிரியில் நிலைமை என்ன? இந்த மலைகளின் மக்கள் நெடுங்காலமாக எருமையையும் மாட்டையும் அறிந்தவர்கள். குதிரை பெருமளவில் வந்தது, 1820-களில் ஆங்கிலேயர்கள் உதகையில் குடியேறத் தொடங்கிய பின்னர்தான். பந்தயக் குதிரைகளுக்குத் தனி மருத்துவர், தனி உணவு, தனிக் காப்பாளர் எல்லாம் இருந்தன. அதே ஊரில் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைக்கு அவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. இரண்டின் குடலும் ஒன்றே, பராமரிப்புதான் வேறு.

மட்டக்குதிரையின் வருவாய் ஏப்ரல், மே மாதங்களின் சீசனில் வருகிறது. இரண்டாம் சீசனில் சிறிது வருகிறது. தின்பதோ 12 மாதமும். வருவாய் இல்லாத மழை மாதங்களில் குதிரைகள் அவிழ்த்து விடப்படுகின்றன. அவை உதகைச் சாலைகளில் குப்பைத் தொட்டிகளைக் கிளறி நெகிழியையும் எஞ்சிய சோற்றையும் தின்கின்றன. சந்தைக் கழிவையும் காய்கறித் தோட்டத்துக் கழிவையும் தின்கின்றன. சீசன் வந்ததும் மீண்டும் கட்டிப்போட்டு, தவிடும் தானியமும் இரு வேளை நிறையக் கொடுத்து, நாளெல்லாம் ஓட்டுகிறார்கள். பயணிகளோ ரொட்டியும் பிஸ்கட்டும் ஊட்டுகிறார்கள். உணவு திடீரென மாறும்போதெல்லாம் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் நிலைகுலைகின்றன. பூண்டும் பெருங்காயமும் தேடும் அந்த வயிற்றுவலி, பெரும்பாலும் இவ்வாறு ஆண்டு முழுவதும் தயாரிக்கப்படுகிறது.

மருத்துவ வசதியும் எண்ணிக்கையைப் பின்தொடர்கிறது. 2019-இல் எடுக்கப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல். குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3.4 லட்சம். 2012-இல் இருந்ததைவிட இது 45 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. கால்நடை மருத்துவமனைகள் மாட்டுக்காக அமைந்திருப்பதில் வியப்பில்லை. இச்சூழலில் குதிரைக்காரர் கைக்கு எட்டிய மருந்தை நாடுவது அறிவின்மை அன்று. அவருக்கு எட்டிய விலையில் கிடைப்பது அது ஒன்றுதான். அதன் உண்மை விலையை அவர் பின்னால் கொடுக்கிறார்.

செய்யக் கூடியவை

குதிரைக்காரர்கள் இன்றே செய்யக் கூடியவை செலவற்றவை. புல்லும் வைக்கோலும் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கிடைக்க வேண்டும். கொள்ளையும் தானியத்தையும் ஊறவைத்து, பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்தத் தீவன மாற்றத்தையும் ஒரு வாரம், பத்து நாள் என்று மெல்லச் செய்ய வேண்டும். குளிரில் குதிரைகள் நீர் குடிப்பது குறையும். குறைந்தால் சாணம் இறுகும். ஆகவே மலைக்காலத்தில் வெதுவெதுப்பான நீர் வைப்பது நல்லது. சாணத்தைச் சோதித்து, மருத்துவர் சொல்லும் புழு மருந்தைக் கொடுக்க வேண்டும்.

வயிற்றுவலி கண்டால் முதலில் தீவனத்தை அகற்ற வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குதிரை முரட்டுத்தனமாகப் புரண்டால் சிறிது நேரம் மெல்ல நடத்தலாம். களைக்கும்வரை ஓட்டக் கூடாது. தாடையின் அடியில் விரல் வைத்து நாடியை எண்ண வேண்டும். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60-ஐத் தாண்டினால் ஆபத்து. ஈறு வெளிறியோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால், வயிற்றில் காது வைத்துக் கேட்டு இரைச்சலே இல்லாவிட்டால், ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நாடித்துடிப்பு, ஈறின் நிறம், கடைசியாகச் சாணம் போட்ட நேரம் ஆகிய மூன்றையும் தொலைபேசியில் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஏற்கெனவே கைமருந்து கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்ய வேண்டியவை வேறு. “கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்” என்று குதிரையைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. விதிகளைப் பற்றி நினைக்கும்போது அது மனிதருக்கும் பொருந்துகிறது. சாலையில் திரியும் குதிரைக்கு அபராதம் என்ற கடிவாளம் மட்டும் போதாது. மழை மாதங்களில் வைக்கோல் என்ற கொள்ளும் வேண்டும். ஒவ்வொரு சவாரிக் கட்டணத்திலும் ஒரு சிறு தொகையைத் தனி நிதியாகச் சேர்த்தால், சமவெளியிலிருந்து வைக்கோல் வாங்கி இருப்பு வைக்கலாம். காப்பீட்டுத் தவணையும் கட்டலாம். குதிரையால் மகிழ்ச்சி பெறும் பயணி, குதிரையின் பட்டினி மாதங்களுக்குச் சிறிது கொடுப்பது நியாயமே. ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனைச் சான்று இருந்தால்தான் சவாரிக்கு அனுமதி என்று வைக்கலாம். அந்தப் பரிசோதனையை இலவசமாகவும் நடத்த வேண்டும்.

குதிரைக்காரர்களின் பிள்ளைகளிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, நாடி பார்க்கவும் அறிகுறிகளைப் பிரித்தறியவும் பயிற்சி அளிக்கலாம். 1934-இல் கெய்ரோவில் டோரதி புரூக் என்ற பெண்மணி, போரில் உழைத்து ஓய்ந்த குதிரைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இன்று பல நாடுகளில் பணிபுரியும் அமைப்பாக வளர்ந்திருக்கிறது. விலங்கை வளர்ப்பவரையே முதல் காவலராக்க வேண்டும் என்பது அது நெடுநாள் அனுபவத்தில் கண்ட வழி. உதகையில் இதற்குப் பெரும் செலவு ஆகாது.

அந்தக் குதிரை இறந்த ஆண்டு, குதிரைக்காரர் கடன் வாங்கி இன்னொன்று வாங்கினார். கடந்த மழைக்காலத்தில் அதை இத்தலாருக்கு ஓட்டி வந்தபோது, முட்டைக்கோஸ் பாத்திக்கு எட்டாத தூரத்தில் கட்டியிருந்தார். ஒரு நாள் அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது, கூட்டத்தில் ஒருவர் எண்ணெய்ப் பாட்டிலுடன் வந்தார். இவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, குதிரையின் தாடைக்கடியில் விரல் வைத்து, என்னைப் பார்த்து, “மணியைப் பாருங்கள் சார்” என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 48 என்று எண்ணிச் சொன்னார். பிறகு மருத்துவருக்கு அழைத்தார்.